சுவரில் மாட்டும் லிக்விட் சோப் டிஸ்பென்சர்: வரைபடத்திலிருந்து கடை வரை ஒரு வழிகாட்டி

லிக்விட் சோப் டிஸ்பென்சர் செய்து விற்கலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வெளித்தோற்றத்தைத்தான் வரைகிறார்கள். பிறகு அதற்குள் அடங்கும் பம்ப்பைத் தேடுகிறார்கள். பிறகு பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சான மோல்டுக்கு ஆர்டர். டீலர்களிடம் சாம்பிள் காட்டி நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பொருளின் தோற்றத்துக்கு உரிமை தரும் டிசைன் பதிவு நினைவுக்கு வருகிறது. பணமும் காலமும் கரைவது இந்த வரிசையால்தான்.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் திரவம், அடுத்து பம்ப், அப்புறம் உடல், சோதனை, மோல்டு செய்யும் டூல் ரூமில் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தோடு ஆலோசனை, டிசைன் பதிவு மனு, கடைசியில் மோல்டு. இதைச் சொல்ல முன்பு யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் சிறு அளவில், கையால் அழுத்தும் வகை டிஸ்பென்சரோடு தொடங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்சார் வைத்த ஆட்டோமேட்டிக் வகைக்கு இப்போதே போக வேண்டாம். மோட்டார், சர்க்யூட், பேட்டரிப் பெட்டி, ஈரம் உள்ளே போகாமல் அடைப்பது என்று வேலை இரண்டு மடங்காகிவிடும்.

1. எந்தத் திரவம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எல்லாத் திரவத்துக்கும் ஒரே டிஸ்பென்சர்" என்ற ஆசையை விட்டுவிடுங்கள். தண்ணீரின் பாகுத்தன்மை 1 சென்டிபாய்ஸ் அளவு. கெட்டியான ஹேண்ட்வாஷ் சில ஆயிரம் சென்டிபாய்ஸ் இருக்கும். ஆல்கஹால் சானிடைசர் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரியே ஓடும், ஜெல் வகை ஓடாது. சோப்புக்கு அடைத்து நிற்கிற வால்வு சானிடைசருக்குச் சொட்டும். சானிடைசருக்கு ஏற்ற மெல்லிய வழியில் சோப்பு ஏறவே ஏறாது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. ஹோட்டலிலும் கல்லூரியிலும் சோப்பு 5 லிட்டர் கேனில் வரும். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அதில் தண்ணீர் கலந்து ஊற்றுவார்கள். பாதிக்குப் பாதி கலப்பதுகூட சகஜம். உங்கள் டிஸ்பென்சர் கெட்டிச் சோப்புக்கும் வேலை செய்ய வேண்டும், தண்ணீர் விட்ட சோப்புக்கும் சொட்டாமல் நிற்க வேண்டும். சோதனைக்கு மூன்று பாட்டில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: கேனிலிருந்து எடுத்த அசல் சோப்பு, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது, சானிடைசருக்கும் விற்பதாக இருந்தால் அதில் ஒன்று.

பிளாஸ்டிக்கும் திரவத்தைப் பொறுத்தே. வெளி மூடிக்கு ஏபிஎஸ் நல்லது, பளபளப்பு நன்றாக வரும். ஆனால் சோப்பு நேரடியாகத் தொடும் பாட்டிலுக்கும் பம்ப் பாகங்களுக்கும் பாலிபுரொப்பிலீன் பாதுகாப்பானது. லெவல் தெரியட்டும் என்று பாலிகார்பனேட்டில் பாட்டில் செய்யும் எண்ணம் வரும். காரத்தன்மையுள்ள திரவம் அதை நாளடைவில் அரிக்கும், இறுக்கத்தில் இருக்கும் இடங்களில் மயிரிழை விரிசல் விடும். பாலிஎத்திலீன் பாட்டிலும் சோப்புத் திரவத்தால் விரிசல் விடக்கூடியதே, அதனால் கிரேடு கேட்டு வாங்குங்கள். விரிசல் எதிர்ப்புத் திறன் என்ன என்று பொருள் விற்பவரிடம் டேட்டா ஷீட் கேட்கலாம், கொடுப்பார்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பல லிக்விட் சோப்புகளைக் கெட்டியாக்கச் சேர்ப்பது சாதாரண உப்புதான். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் உப்பில் ஊறிக்கொண்டே இருந்தால் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். 316 கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் தாங்கும். அதைவிட நல்லது, ஸ்பிரிங் திரவத்தைத் தொடாத மாதிரி பம்ப்புக்கு வெளியே வைத்திருக்கும் அமைப்பு.

2. பம்ப்பை வாங்குங்கள், செய்யாதீர்கள்

பம்ப் சிறிய பொருளாகத் தெரியும். பிஸ்டன், சிலிண்டர், மேல் வால்வு, கீழ் வால்வு, ஸ்பிரிங், நாசில் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மோல்டு, தனி டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பது). முதல் தயாரிப்புக்கு சந்தையில் கிடைக்கும் பம்ப்பை மொத்தமாக வாங்கி, அதைச் சுற்றி உங்கள் உடலை வடிவமைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரே மாதிரி இரண்டு சப்ளையர்களிடம் கிடைக்கிற பம்ப்பாகத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் நிறுத்திவிட்டால் உங்கள் மோல்டு வீணாகக் கூடாது.

பம்ப்பில் பார்க்க வேண்டியது அளவு. ஒரு அழுத்தலுக்கு 1 மி.லி. என்பது பொதுவான கணக்கு. 10 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 13 மி.மீ. நகர்ந்தால் சுமார் 1 மி.லி. வரும். வாங்குபவர் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 300 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒருவர் நாளுக்கு இரண்டு முறை அழுத்தினால் 600 மி.லி. காலி. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு நாள்கூட வராது. அளவை 0.6 மி.லி. ஆக்கினால் அதே வேலைக்கு 360 மி.லி. போதும். இந்தக் கணக்கைத் தாளில் காட்டினால் பர்ச்சேஸ் மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று சொட்டு. கையை எடுத்த பிறகு நாசில் நுனியில் ஒரு துளி திரண்டு, நூல் விட்டபடி இறங்கி, வாஷ்பேசின் கிரானைட்டில் விழும். மறுநாள் அந்த இடத்தில் வழவழப்பான வட்டம். புகார் வருவது இதைப் பற்றித்தான். பிஸ்டன் திரும்பும்போது நுனியிலுள்ள திரவத்தைச் சற்று உள்ளே இழுக்கும் பம்ப், அல்லது நுனியில் வாத்தின் அலகு போல மூடிக்கொள்ளும் சிலிகான் டக்பில் வால்வு உள்ளது, இரண்டில் ஒன்றை எடுங்கள். நாசிலுக்குக் கீழே வெள்ளைத்தாள் வைத்து இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் தாள் உலர்ந்திருக்க வேண்டும்.

3. உடலும் சுவரும்

பாட்டிலில் காற்று போக வழி வையுங்கள். கெட்டியான பாட்டிலிலிருந்து திரவம் வெளியே வந்தால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். வழி இல்லையென்றால் சில அழுத்தல்களில் பம்ப் இறுகிவிடும். பாட்டில் மூடியில் ஒரு சிறு துளை போதும், ஆனால் கழுவும்போது தண்ணீர் புகாத இடத்தில் இருக்கட்டும். பை வகை ரீஃபில் என்றால் பை தானே சுருங்கிக்கொள்ளும், துளை தேவையில்லை.

மேலேயிருந்து சோப்பை ஊற்றி நிரப்பும் வகையைச் செய்ய நினைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். மிச்சமிருக்கும் பழைய சோப்பின் மேல் புதிதை ஊற்றிக்கொண்டே போனால் உள்ளே பாக்டீரியா வளரும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2002-இல் வெளியிட்ட கை சுகாதார வழிகாட்டுதல், பாதி காலியான டிஸ்பென்சரில் சோப்பைச் சேர்க்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. மருத்துவமனைக்கு விற்கும் எண்ணம் இருந்தால் மூடிய ரீஃபில் பைதான் சரி. ஹோட்டல், அலுவலகத்துக்கு என்றால் குறைந்தபட்சம் பாட்டிலைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டும்படி வடிவமைத்துவிடுங்கள். வாய் அகலம் கை விரலாவது போகும் அளவு இருக்கட்டும். இதை ஒரு வசதி என்று நினைக்காதீர்கள். கை கழுவ வருகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.

மாட்டும் தட்டில் மூன்று துளை வையுங்கள், இரண்டு மேலே, ஒன்று கீழே. பட்டன் சுவரை நோக்கித் தள்ளும் வகை என்றால் ஸ்க்ரூவுக்குப் பெரிய சுமை இல்லை. முழங்கையால் கீழே அழுத்தும் நீண்ட லீவர் என்றால் ஒவ்வொரு அழுத்தலும் மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். அந்த வகைக்கு மேல் துளையும் கீழ்த் துளையும் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. துளை வட்டமாக இல்லாமல் சற்று நீளவாட்டில் இருந்தால், டைல்ஸில் ட்ரில் ஒரு மி.மீ. நழுவினாலும் மாட்டலாம். பெட்டியில் 6 மி.மீ. பிளக்கும் ஸ்க்ரூவும் துளையிடும் அளவுத்தாளும் போட்டுக் கொடுங்கள். இவை இல்லாமல் வருகிற டிஸ்பென்சரைப் பிளம்பர்கள் இருபக்க டேப்பில் ஒட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அது விழுந்தால் பெயர் கெடுவது உங்களுக்குத்தான்.

அழுத்தும் விசை குறைவாக இருக்கட்டும். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏடிஏ அணுகல் விதிப்படி ஒரு கையால் இயக்க முடிய வேண்டும், விசை 22.2 நியூட்டனைத் தாண்டக் கூடாது, கை எட்ட வேண்டிய உயரம் அதிகபட்சம் 48 அங்குலம். நம் ஊரில் யாரும் கேட்காவிட்டாலும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சமையலறைத் தராசில் பட்டனை அழுத்திப் பாருங்கள். 2.2 கிலோவுக்குள் வேலை முடிய வேண்டும்.

4. மாதிரி செய்து சோதியுங்கள்

3டி பிரிண்டில் ஒரு செட் போதும், வடிவமும் பொருத்தமும் தெரிந்துவிடும். பலருக்குக் கொடுத்துச் சோதிக்க பத்துப் பதினைந்து வேண்டுமென்றால் சிலிகான் மோல்டில் வார்ப்பது மலிவு. இந்த மாதிரிகளை உங்கள் வீட்டு ஆட்களுக்கும், கையெழுத்துப் போட்டு ரகசியம் காக்க ஒப்புக்கொண்டவர்களுக்கும் மட்டும் கொடுங்கள். காரணம் ஆறாவது படியில்.

ஆயுள் சோதனைக்குப் பெரிய லேப் வேண்டாம். பழைய கார் வைப்பர் மோட்டாரில் ஒரு ஆர்ம் பொருத்தி மூன்று விநாடிக்கு ஒரு முறை பட்டனை அழுத்தச் செய்யுங்கள். ஒரு லட்சம் அழுத்தலுக்கு சுமார் 83 மணி நேரம், அதாவது மூன்றரை நாள். இதைவிட வேகமாக ஓட்டினால் சோப்பு சிலிண்டருக்குள் நிரம்ப நேரமிருக்காது, பம்ப் வெறும் காற்றை அடிக்கும், சோதனையே பொய்யாகிவிடும். பொருளுக்கு சான்றிதழோடு சோதனை அறிக்கை வேண்டுமென்றால் சென்னை கிண்டியில் உள்ள, மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட்டை அணுகலாம்.

5. டூல் ரூமில் ஆலோசனை, ஆனால் ஆர்டர் வேண்டாம்

உங்கள் வரைபடம் கம்ப்யூட்டரில் எவ்வளவு அழகாக இருந்தாலும் மோல்டில் வார்க்கும்போது மாறும். பக்கச் சுவர்களுக்கு குறைந்தது 1 டிகிரி டிராஃப்ட் (பாகம் மோல்டிலிருந்து எளிதில் கழல வைக்கும் சாய்வு) வேண்டும், மேற்பரப்பில் டெக்ஸ்சர் போட்டால் அதைவிடக் கூடுதல். சுவர்த் தடிமன் ஏபிஎஸ்ஸுக்கு இரண்டிலிருந்து மூன்று மி.மீ.க்குள் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். உள்ளே பலத்துக்காகப் போடும் ரிப் என்ற மெல்லிய பட்டை அந்தத் தடிமனில் பாதி, கொஞ்சம் கூடலாம். அதற்கு மேல் போனால் வெளிப்பக்கம் சிங்க் மார்க் என்ற சிறு பள்ளம் விழும்.

பிளாஸ்டிக்கை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ஏபிஎஸ் ஆறும்போது அரை சதவீதம் அளவே சுருங்கும். பாலிபுரொப்பிலீன் ஒன்றிலிருந்து இரண்டரை சதவீதம் வரை. ஏபிஎஸ்ஸுக்கு வெட்டிய மோல்டில் பின்னால் விலை குறைவென்று பாலிபுரொப்பிலீன் போட்டால் மூடி பொருந்தாது.

டூல் ரூமுக்கு ஃபைல் அனுப்பும் முன் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குங்கள். சிலர் "இதெல்லாம் எதுக்கு சார்" என்பார்கள். அப்படிச் சொல்பவரிடம் ஃபைலைக் கொடுக்க வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள். இங்கே சொல்லும் மாற்றங்களையெல்லாம் வரைபடத்தில் செய்து, இறுதி வடிவம் இதுதான் என்று ஆன பிறகே அடுத்த படி.

6. டிசைன் பதிவு மனு

இதுதான் பலரும் தள்ளிப்போடும் படி. ஆனால் இதற்கு உரிய இடம் ஐந்தாம் படிக்கும் ஏழாம் படிக்கும் நடுவில்தான். டூல் ரூம் ஆலோசனைக்கு முன்பே மனு போட்டால், பதிவான வடிவம் ஒன்று, விற்கிற வடிவம் வேறொன்று ஆகிவிடும். விற்பனைக்குப் பின் போட்டால் பதிவே கிடைக்காது, கிடைத்தாலும் ரத்து செய்யலாம்.

வடிவமைப்புகள் சட்டம், 2000-இன்படி டிசைன் புதியதாக இருக்க வேண்டும். இந்தியாவிலோ வேறு எந்த நாட்டிலோ அது முன்பே வெளியாகியிருக்கக் கூடாது. நீங்களே வெளியிட்டிருந்தாலும் அதே கதைதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட போட்டோ, டீலர் குரூப்பில் போட்ட பிடிஎஃப், கண்காட்சியில் மேஜைமேல் வைத்த சாம்பிள் எல்லாம் வெளியீட்டில் சேரும். கண்காட்சிக்குச் சலுகை உண்டு, ஆனால் மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியாக இருக்க வேண்டும், முன்கூட்டியே பதிவகத்துக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும், காட்டிய ஆறு மாதத்துக்குள் மனுவும் போட வேண்டும். நம்பி இறங்க ஏற்ற வழியல்ல.

முதலில் தேடுங்கள். இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் தளத்திலும், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் டிசைன் டேட்டாபேஸிலும், ஐரோப்பிய அலுவலகத்தின் டிசைன்வியூவிலும் இலவசமாகவே தேடலாம். டிசைன்களுக்கான சர்வதேச லொகார்னோ வகைப்பாட்டில் வகுப்பு 23-இலிருந்து தொடங்குங்கள். உட்பிரிவு எண்ணை நடப்புப் பட்டியலைப் பார்த்தே எழுதுங்கள். ஆன்லைன் கடைகளில் சீனத் தயாரிப்புகளையும் பாருங்கள், எதிராளிகள் முதலில் தேடுவது அங்கேதான்.

பிறகு படங்கள். முன், பின், வலம், இடம், மேல், கீழ், அத்துடன் ஒரு கோணப் பார்வை. அளவுகள் எழுதக் கூடாது. உங்கள் பிராண்ட் பெயர் மூடியில் இருந்தால் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள், டிசைனின் உயிராக இல்லாத எழுத்தும் எண்ணும் இருக்கக் கூடாது என்பது விதி. உள்ளே உள்ள பம்ப்பின் வெட்டுத்தோற்றம் வேண்டாம், இயங்கும் முறைக்கு டிசைன் சட்டம் பாதுகாப்புத் தராது. ஒவ்வொரு தாளிலும் எந்தப் பார்வை என்ற குறிப்பு, தாள் எண், புதுமை எதில் என்ற வாசகம், எதற்கு உரிமை கோரவில்லை என்ற வாசகம், கையெழுத்து, தேதி இருக்க வேண்டும். மனு திரும்பி வருவது பெரும்பாலும் இந்த வாசகங்களால்தான். "டிஸ்பென்சரின் வடிவத்திலும் உருவமைப்பிலும் புதுமை உள்ளது" என்ற அளவில் சுருக்கமாக எழுதுங்கள். எளிதாக நிரப்பலாம், சொட்டாது என்றெல்லாம் பெருமை எழுதினால் ஆட்சேபணை வரும்.

ஆவணங்களும் செலவும்: படிவம் 1, படங்கள், ஏஜென்ட் வழியாகப் போனால் அதிகாரப் பத்திரம். அரசுக் கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஒரு டிசைனுக்கு ரூ.1,000, மற்றவர்களுக்கு ரூ.4,000. சிறு நிறுவனம் என்று சலுகை கேட்டால் அதற்கான தனிப் படிவத்தோடு, சிறு நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் சான்றை வைக்க வேண்டும். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம், பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. ஆன்லைனில் போட டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். நேரில் கொடுப்பதென்றால் கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் வாங்கிக்கொள்வார்கள், பரிசீலனை கொல்கத்தாவில்.

ஒரு பொறியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணைகளைச் சரிசெய்ய ஆறு மாதம் என்று சொல்வார்கள். அது ஆட்சேபணை அறிக்கை வந்த நாளிலிருந்து அல்ல, மனு போட்ட நாளிலிருந்து. அறிக்கை நான்காம் மாதம் வந்தால் கையில் இருப்பது இரண்டே மாதம். மூன்று மாதம் வரை நீட்டிக்கக் கேட்கலாம், அதையும் கெடு முடியும் முன்பே கேட்க வேண்டும். மின்னஞ்சலை மட்டும் நம்பாமல் மனு நிலையைத் தளத்தில் வாரம் ஒரு முறை பாருங்கள்.

பம்ப்பையோ ரீஃபில் பூட்டையோ நீங்களே புதிதாகக் கண்டுபிடித்திருந்தால் அதற்குத் தேவை டிசைன் பதிவு அல்ல, காப்புரிமை. சர்வதேச காப்புரிமை வகைப்பாட்டில் ஏ47கே 5/12 என்ற பிரிவில் தேடுங்கள், லிக்விட் சோப் டிஸ்பென்சர்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. புதிது என்று தோன்றினால் தற்காலிக விவரக்குறிப்போடு மனு போட்டு வைக்கலாம், முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும்.

வெளிநாட்டிலும் விற்கும் எண்ணம் உண்டா? இந்திய டிசைன் மனுவின் தேதியை முன்னுரிமையாகக் கோர ஆறு மாதம்தான் அவகாசம்.

7. இப்போது மோல்டு

மனு எண் கையில் வந்ததும் ஆர்டர் கொடுக்கலாம், சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூடி, பின் தட்டு, பட்டன், பாட்டில் என்று நான்கைந்து மோல்டு வரும். பி20 ஸ்டீலில், ஒரு முறைக்கு ஒரு பாகம் வார்க்கும் ஒற்றைக் கேவிட்டி மூடி மோல்டுக்கு எனக்கு வந்த விலைப்புள்ளிகள் ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கு லட்சம் வரை விரிந்திருந்தன. அளவும் ஃபினிஷும் மாறினால் இதுவும் மாறும். குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். ஆறு வாரம் என்பார்கள், பத்து வாரம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். மோல்டு யாருக்குச் சொந்தம், எத்தனை ஷாட்டுக்கு (ஒரு முறை வார்ப்பது ஒரு ஷாட்) உத்தரவாதம், எத்தனை டிரையல் விலைக்குள் அடக்கம், கேட்டால் எத்தனை நாளில் மோல்டைத் திருப்பித் தர வேண்டும். நான் பழகிய ஒரு டூல் ரூம், முழுப் பணமும் வாங்கிய பிறகும் ஜாப் ஒர்க்கை வேறு இடத்தில் கொடுக்கிறேன் என்றதும் மோல்டை விடாமல் இழுத்தடித்தது. ஆர்டரில் சொந்தம் யாருக்கு என்ற வரி இருந்ததால்தான் எடுத்து வர முடிந்தது. உங்கள் நிறுவனத்தின் பெயரை மோல்டின் பக்கவாட்டிலேயே பொறிக்கச் சொல்லுங்கள். கடைசி இருபது சதவீதப் பணத்தை, டிரையல் பாகங்களில் உங்கள் பம்ப் பொருந்தி வெள்ளைத்தாள் சோதனையும் தேறிய பிறகே கொடுங்கள்.

8. விற்பனைக்கு முன்

சில்லறைக் கடைக்குப் பெட்டியில் போகிறதென்றால் 2011-ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருள்கள் விதிகள் பொருந்தும். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எம்ஆர்பி, புகார் தொடர்பு விவரம் எல்லாம் பெட்டிமேல் வேண்டும். தயாரிப்பாளராகச் சட்டமுறை எடையளவுத் துறையில் பதிவும் செய்ய வேண்டும், பொதியத் தொடங்கிய 90 நாளுக்குள். பிளாஸ்டிக் டிஸ்பென்சரை ஜிஎஸ்டிக்கான எச்எஸ்என் குறியீடு 3924-இல் போடலாமா என்று ஆடிட்டரிடம் உறுதி செய்துகொண்டே முதல் பில்லைப் போடுங்கள்.

டிசைன் பதிவானதும் எண்ணை உடலின் பின்பக்கம் பொறிக்க மோல்டில் ஒரு சிறு மாற்றுத் துண்டு விட்டு வையுங்கள். பதிவுக் குறி இல்லாமல் விற்ற சரக்குக்கு, யாராவது நகல் எடுத்தால் இழப்பீடு கேட்பது கடினமாகிவிடும். பதிவு 10 ஆண்டுக்கு, அந்தக் கணக்கும் மனு போட்ட தேதியிலிருந்தே. இன்னும் ஐந்தாண்டு நீட்டிக்க, முதல் பத்தாண்டு முடியும் முன்பே மனு கொடுத்தாக வேண்டும்.